ரோஹித்தின் இடது காது

கரிசல்பேரியில் ஊரணித் தெரு என்று ஒரு தெரு, அந்தத் தெருவில் பதினோராம் நம்பர் வீட்டில் செண்பகவல்லி என்று ஒருத்தி, அவளுக்கு ஒரு நாளைக்குப் பதினாலு போன், பதினாலில் ஒன்றுகூட அவளுக்கு வேண்டிய போன் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் சேலை எடுத்த கடையில் குலுக்கல் சீட்டு என்று ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்கள், பெயரையும் நம்பரையும் அவளே குண்டு குண்டாக எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். குலுக்கலில் அவளுக்கு ஒன்றும் விழவில்லை. போன்தான் விழ ஆரம்பித்தது. வீட்டுமனை வேண்டுமா என்று ஒருவன், தேக்குமரப் பண்ணையில் பங்கு வேண்டுமா என்று ஒருத்தி, ஆயுள் காப்பீடு, கடன் அட்டை, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின், முழங்கால் வலிக்கு எண்ணெய்.

அவள் வீட்டிலேயே கடலை மிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். வெல்லப்பாகு பதம் வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் கண்ணை எடுத்தால் பாகு முற்றி, அன்றைய பாடு முழுக்கக் கசந்துபோகும். அந்த ஒரு நிமிஷம் பார்த்துத்தான் போன் அடிக்கும். முதல் மாதம் "வேண்டாம் தம்பி" என்றாள். இரண்டாம் மாதம் "வேண்டாம்னு எத்தனை தடவை சொல்ல" என்றாள். மூன்றாம் மாதம் அவள் வாயில் ஒரே வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது. தெரியாத நம்பர் என்றால் எடுப்பாள், எதிரில் யார் என்றுகூடக் கேட்காமல் "செத்துத் தொலைங்கடா" என்று கத்துவாள், வைத்துவிட்டுப் பாகைக் கிண்டுவாள்.

அவள் புருஷன் பொன்னுச்சாமி லாரி டிரைவர். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாகபுரிப் பக்கம் போனவன், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு சின்னப் பாலத்தில் வண்டி கவிழ்ந்து, ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கி, எப்படியோ கதவை உதைத்து வெளியே வந்து, ரோட்டோரத்து டீக்கடை வரைக்கும் ஊர்ந்து போய் அங்கேயே சாய்ந்துவிட்டான். அவனுடைய போன் வண்டிக்கடியில் நொறுங்கிக் கிடந்தது. உலகத்தில் அவனுக்கு மனப்பாடமாக இருந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். விரலால் மண்ணில் எழுதிக் காட்டினான். டீக்கடைக்காரன் பபன் தன்னுடைய போனிலிருந்து அடித்தான். முதல் தடவை செண்பகவல்லி எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்த எடுப்பிலேயே வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை பபன் ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பொன்னுச்சாமியின் வாய்ப் பக்கம் பிடித்து, இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். செண்பகவல்லி "செத்துத் தொலைங்கடா" என்று கத்திவிட்டு, போனையே அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பொன்னுச்சாமி இறந்துபோனான்.

இதெல்லாம் சாயங்காலம் லாரி முதலாளி வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. போனை அரிசியிலிருந்து எடுத்து, துடைத்து, மதியம் வந்த அந்த நம்பரைப் பார்த்தாள். ஒன்று ஐந்துக்கு ஒரு தடவை, ஒன்று ஒன்பதுக்கு ஒரு தடவை, ஒன்று பதினொன்றுக்கு ஒரு தடவை. அழுகை வரவில்லை. அந்தப் பத்து எண்களும் அவளுக்கு அன்றைக்கே மனப்பாடமாகிவிட்டன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் காலையில் பாகு ஏற்றி, கடலையைக் கொட்டிப் புரட்டி, பலகையில் பரப்பிக் கட்டையால் உருட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"வணக்கம் மேடம், நான் ரோஹித் பேசறேன். ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா? உங்க குடும்பத்துக்குன்னு சொந்தமா ஒரு இடம்..."

இந்தத் தடவை அவள் திட்டவில்லை. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அதற்குள் விட்டாள். ஊரணித் தண்ணீருக்குள் கை விடுகிற மாதிரி அது வழிவிட்டது. உள்ளே ஏசி போட்ட குளிர்ச்சி. சட்டைக் காலர் தட்டுப்பட்டது, புதுசாகச் சவரம் செய்த தாடை தட்டுப்பட்டது, ஒரு ஒயர் தட்டுப்பட்டது, அதற்குப் பிறகு காது. இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் அதை வைத்து, ஒரு சுற்று முறுக்கி, இழுத்தாள். ஈரத்துணி கிழிகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அலறிய அலறல் ஊரணிக் கரை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். காது மிட்டாய்ப் பலகையில் வந்து விழுந்து, துண்டுகளுக்கு நடுவில் ரத்தம் வடிந்துகொண்டு கிடந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் சேலையைச் செருகிக்கொண்டே ஓடி வந்தாள்.

"என்ன மதினி சத்தம்?"

"ரோஹித்து."

"எவன், இந்த மனை விக்கிறவனா?"

"அவன்தான்."

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். "எடது காது. இப்படி வெறும் பலகையில போட்டு வைக்காதீங்க மதினி, பூனை தூக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லி, தன் வீட்டிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் பஞ்சு வைத்து, காதை அதற்குள் படுக்க வைத்தாள். ரத்தம் பட்ட நாலு வரிசை மிட்டாயை ஒதுக்கிவிட்டு, மீதியை இரண்டு பேருமாகப் பொட்டலம் போட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. போனுக்குள் கை எப்படிப் போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எந்தக் கை, முறுக்கி இழுத்ததா, முறுக்காமல் இழுத்ததா, உள்ளே எவ்வளவு தூரம் போனது என்றுதான் கேட்டார்கள். மறுநாளே தையல்காரர் அழகுராஜா காப்பீடு பேசியவனின் முன்பல்லைக் கொண்டுவந்து காட்டினார். ஞானதீபம் டீச்சர், மூன்று வருஷமாகத் தன் தூக்கத்தைக் கெடுத்த ஒருத்தியின் பின்னலை அடியோடு பிடுங்கிக் கொடியில் காயப்போட்டார், பின்னலோடு தோலும் கொஞ்சம் வந்திருந்தது. ஒரு வாரத்தில் தெருக்காரர்கள் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். கோபம் எவ்வளவு நிஜமோ அவ்வளவு தூரம்தான் கை போகும். எரிச்சலோடு எடுத்தவர்களுக்கு விரல் நுனிதான் போனது, பாதி மீசையோ சட்டைப் பொத்தானோதான் கிடைத்தது. உள்ளுக்குள் வேறெதையோ வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தோள் வரைக்கும் போனது. மருமகளோடு பேச்சில்லாமல் இருந்த ஒருத்தர் ஒரு முழு முழங்கையோடு வந்தார்.

காளியம்மன் கோவில் முற்றத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும், கண்ணைத் தொடக்கூடாது, பெண்பிள்ளைகள் பேசினால் முடியோடு விட்டுவிட வேண்டும், கிடைத்ததைச் சாக்கடையில் போட்டு அடைப்பு உண்டாக்கக்கூடாது என்று முடிவானது. பற்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். விருந்தாளிகள் வந்தால் காபி கொடுத்துவிட்டு எடுத்துக் காட்டினார்கள். அந்த மாதம் தெருவில் ஒரு வீட்டிலும் சண்டையில்லை, ரத்தக் கொதிப்புக்காரர்கள் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள், குழாயடியில் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் குடம் தூக்கிவிட்டார்கள்.

அப்புறம் போன் குறைந்தது. ஊரணித் தெரு நம்பர் என்றாலே அந்தப் பக்கத்தில் பயந்து ஒதுக்கினார்கள் போல. தெருக்காரர்களால் தாங்க முடியவில்லை. கடை கடையாக ஏறிக் குலுக்கல் பெட்டி எங்கே என்று கேட்டு, ஒரே ஆள் பத்துச் சீட்டு எழுதிப் போட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தால் நம்பரைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை, கை முதலில் போய்விடும். அழகுராஜா அப்படித்தான் ஒரு மதியம் மிஷினில் உட்கார்ந்தபடியே எடுத்து, கையை விட்டு, ஒரு விரலைப் பிடுங்கி வெளியே போட்டார். அதில் ஒரு மோதிரம் இருந்தது. தன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவரே செய்து போட்ட மோதிரம். திருப்பூரிலிருந்து, பிள்ளைக்குப் பிறந்தநாள் சட்டை தைக்க அளவு சொல்லக் கூப்பிட்டிருந்தாள் அவள். விரலை டம்ளரில் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஓடினார். அங்கே மச்சினன் கேட்டைச் சாத்திவிட்டு, இரும்புக் குழாயால் அவருடைய முழங்காலை உடைத்து அனுப்பினான்.

அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாம். ஒருத்தரும் நிறுத்தவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அழகுராஜாவே மறுபடியும் வாசலில் போனோடு உட்கார்ந்தார்.

செண்பகவல்லி மட்டும் அந்த ஒரு காதோடு நிறுத்திக்கொண்டாள். காது அழுகவில்லை. தொட்டால் கதகதவென்று இருந்தது, காலையில் டப்பாவைத் திறக்கும்போது சில நாள் வியர்த்திருந்தது. கடுமையாகப் பேசினால் மடல் சிவந்தது. முதல் சில நாள் அவள் அதை ஆத்திரம் தீரத் திட்டினாள். திட்டித் தீர்ந்த பிறகு பேச ஆரம்பித்தாள். பாகு கிண்டும்போது பேசினாள், கடலைத் தோல் புடைக்கும்போது பேசினாள், பொன்னுச்சாமி எந்தப் பக்கம் படுப்பான், எந்தக் குழம்புக்கு எத்தனை தோசை தின்பான் என்றெல்லாம் சொன்னாள். சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்பாள்.

"நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சா? அவரைத்தான் சொல்லுதேன்னு நெனச்சுட்டாரா? அதைக் கேட்டுக்கிட்டேவா செத்தாரு?"

கேட்டுவிட்டு, சாமி பேர் சொல்கிற மாதிரி அந்தப் பத்து எண்களையும் வரிசையாகச் சொல்வாள். அந்த நம்பரை அடித்துப் பார்க்க மட்டும் அவளுக்கு விரல் வரவில்லை.

காது வந்த நாற்பத்தோராவது நாள், உச்சி வெயிலில், தலையைச் சுற்றி இடது பக்கம் கட்டுப்போட்ட ஒரு பையன் பஸ்ஸை விட்டு இறங்கினான். இருபத்து மூன்று வயது இருக்கும். யாரிடமும் வழி கேட்கவில்லை. மாவு மில் சத்தத்தில் திரும்பி, குழாயடிச் சத்தத்தைத் தாண்டி, வெள்ளத்தாய் வீட்டு ஆட்டுக்குட்டி கத்துகிற இடத்தில் நின்று, பதினோராம் நம்பர் வாசலில் கூப்பிட்டான். பழக்கத்தில் அவன் வாயில் வந்தது இதுதான்.

"வணக்கம் மேடம். ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

தெரு முழுக்க எழுந்து நின்றது. எத்தனையோ நாளாகப் போனுக்குள் கைவிட்டுத் துழாவியவர்களுக்கு முழு ஆளாக ஒருத்தன் வாசலில் வந்து நிற்கிறான். முதல் அடி யார் அடித்தது என்று இன்றைக்கும் சண்டை உண்டு. ஞானதீபம் டீச்சர் குடைக் கம்பால் முகத்தில் அடித்தார். அழகுராஜா ஊன்றுகோலை ஓங்கித் தோளில் இறக்கினார். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள், முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி தரையில் மோதினார்கள், தலைக்கட்டு அவிழ்ந்து, காதிருந்த இடத்தில் இருந்த ஓட்டை வெயிலில் தெரிந்தது. செண்பகவல்லி மிட்டாய் உருட்டுகிற கட்டையோடு வெளியே வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது, ஏனென்றால் அவளுக்குத்தான் முதல் உரிமை. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடிக்குக் கட்டை உயர்ந்தபோது அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கத்தினான்.

"அவருக்குக் கேட்டுச்சுக்கா! கேட்டுச்சு! அதைச் சொல்லத்தான் வந்தேன்!"

கட்டை அந்தரத்தில் நின்றது.

"எவருக்குடா?"

"பொன்னுச்சாமி அண்ணனுக்கு."

அவள் கூட்டத்தைப் பார்த்து, "விடுங்க" என்றாள். ஒருத்தரும் விடவில்லை. கட்டையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, "விடுங்கன்னு சொல்லுதேன்" என்று அவள் கத்திய பிறகுதான் விட்டார்கள்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் பெயர் ரோஹித் இல்லை, தங்கமாரியப்பன், கல்லிடைக்குறிச்சிக்காரன், மதுரையில் ஒரு மூன்றாவது மாடியில் வேலை, பெயரை அங்கே வைத்தார்கள். காது போன அன்றைக்கே அவனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. காதுதான் போயிருந்தது, கேட்பது நிற்கவில்லை. அவள் டப்பாவைத் திறந்தாலும் மூடினாலும், அவள் வீட்டில் நடப்பது அத்தனையும் அவன் மண்டைக்குள் கேட்டது.

"நாப்பது நாளாக்கா. பஸ்ஸுல, சாப்பிடுறப்ப, ஆபீஸ்ல இன்னொருத்தர்கிட்ட பேசிக்கிட்டிருக்கிறப்ப. நீங்க திட்டுறது, அழுகுறது. வைக்க முடியலக்கா. உங்களுக்காவது வைக்க ஒரு பட்டன் இருந்துச்சு."

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க தெனமும் ஒரு நம்பர் சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான். அடிச்சேன். அந்த ஆளு எடுக்கல. மறுபடி அடிச்சேன். மொத்தம் நாப்பத்தேழு தடவை. அவரும் உங்களை மாதிரிதான், தெரியாத நம்பர்னா கொலவெறி. அவரு கையும் வருதுக்கா." வாயைத் திறந்து காட்டினான். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை, ஊரணித் தெருவில் விழுந்த அடியில் போன பற்கள் இல்லை அவை, அந்த இடம் ஏற்கெனவே ஆறியிருந்தது. "நாப்பத்தேழாவது தடவை, எனக்குத் தெரிஞ்ச இந்தியில, டிரைவர், பாலம், தமிழ்நாடுன்னு சொன்னேன். அப்பதான் விட்டாரு. கேட்டேன். அவருக்கு நல்லாக் கேட்டுச்சாம். சிரிச்சாராம்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாருன்னு சொன்னாரு."

செண்பகவல்லி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "மனை விக்கிற மாதிரி எங்கிட்டச் சிரிப்பை விக்கியா? நெஞ்சு நசுங்கிக் கெடந்தவரு சிரிச்சாராக்கும். காதை வாங்கிட்டுப் போறதுக்குத்தானே இந்தக் கதை?"

"காதைக் குடுக்க வேண்டாம்கா. நீங்களே பேசுங்க. நான் எடுத்துச் சொல்லுதேன்."

அவள் உள்ளே போனாள். டப்பாவைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். அந்தக் காதைப் பிறகு திருநெல்வேலியில் தைத்தார்கள், கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது, அது பின்னால் நடந்தது. அப்போது அவள் போனை எடுத்து, பார்க்காமலே பத்து எண்களையும் அடித்தாள்.

மணி போனது, துண்டித்தார்கள். மறுபடி அடித்தாள், துண்டித்தார்கள். மூன்றாவது தடவை எடுத்தார்கள். அவள் "ஐயா" என்று வாயைத் திறப்பதற்குள் போனிலிருந்து ஒரு கை வந்தது. டீத்தூள் கறை படிந்த, சூட்டுத் தழும்பு விழுந்த பெரிய கை. அது அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதியது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. வெள்ளத்தாய் "மதினி, போனைக் கட் பண்ணுங்க" என்று பாய்ந்தாள். செண்பகவல்லி அவளைக் காலால் உதைத்துத் தள்ளினாள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை அவளை இரண்டாவது தடவை மோதியது. ஊரணித் தெரு பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை நாள் கை விட்டவர்களில் ஒருவர்கூட, போனின் இந்தப் பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. அழகுராஜா தன் மடியில் இருந்த போனை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார்.

தங்கமாரியப்பன் தவழ்ந்து வந்து, போனுக்கு வாயை வைத்து, தெரிந்த இந்தியை எல்லாம் சேர்த்துக் கத்தினான். டிரைவரின் மனைவி, டிரைவரின் மனைவி என்று அவன் கத்தியதாகப் பிறகு டீச்சர் சொன்னார்.

கை நின்றது. முடியை விட்டது. எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு, அவள் நெற்றியில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தது. பிறகு உள்ளே போய்விட்டது. பபனின் குரல் பேச ஆரம்பித்தது. தங்கமாரியப்பன் கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

"மன்னிக்கணுமாம். தெனமும் அவருக்கும் இருவது போன் வருதாம்... அன்னைக்கு அண்ணனை மடியில போட்டுத் தண்ணி குடுத்தாராம்... போன்ல நீங்க கத்தினதும் இவருக்குப் பயமாயிருச்சாம், நம்பர் தப்பான்னு அண்ணனைக் கேட்டாராம். இல்ல, வீடுதான்னு கையக் காட்டினாராம். சிரிச்சாராம்கா. அவர் நிசமாத்தான் சொல்லுதாரு."

குரல் மறுபடி ஏதோ சொன்னது. தங்கமாரியப்பன் நெற்றியைச் சுருக்கினான்.

"சிரிச்சிக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாராம். ரெண்டு மூணு தடவை சொன்னாராம். இவருக்குப் புரியலையாம். செத்துப்போன மனுசன் கடைசியாச் சொன்னதாச்சேன்னு மறக்காம வச்சிருக்காராம். யார்கிட்டச் சொல்லன்னு தெரியலையாம்."

"என்ன வார்த்தை?"

போனை அவன் ஸ்பீக்கரில் போட்டான். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அந்த மனிதன், நாக்கு புரளாமல், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தான்.

"கோட்டி... காரி. கோட்டிகாரி."

பைத்தியக்காரி என்பதற்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் பொன்னுச்சாமி அவளைச் செண்பகவல்லி என்று கூப்பிட்டது ஐந்தாறு தடவை இருக்கும், அதுவும் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும். பாகு முற்றிப்போய் அவள் கரண்டியை எறிந்தால், கோழியை விரட்டுவது மாதிரி ஊரையே விரட்டிக் கத்தினால், அவன் கட்டிலில் கிடந்து வயிறு குலுங்கச் சிரித்துச் சொல்கிற வார்த்தை இதுதான். அதைத் தங்கமாரியப்பன் அறிய மாட்டான், அவள் அந்தக் காதிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தை மாதத்திலிருந்து வராத அழுகை வந்தது. கொண்டை அவிழ்ந்து, நெற்றி ரத்தம் தாடையில் சொட்ட, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதாள். வெள்ளத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து சேலை முந்தானையால் அவள் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போனில் பபன் வைக்காமல் காத்திருந்தான். அங்கே ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

ரொம்ப நேரம் கழித்து அந்தக் குரல் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டது.

"என்ன கேக்குறாரு?" என்றாள் செண்பகவல்லி.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாருக்கா. நான் என்னன்னு சொல்ல?"

அவள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்தாள்.

"பொண்டாட்டின்னு அர்த்தம்னு சொல்லு."